பரிவுக்குப் பத்து மார்க்

அழுகை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் தூக்கல் என்று டாக்டர் கோகுல்நாத்துக்குப் பட்டது. சீரியலில் வாய்ப்புத் தேடும் பெண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே, செல்போனை மேஜையில் நிமிர்த்தி வைத்து, முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டார்.

"பதறாதீங்கம்மா. நான் இருக்கேன்ல," என்றார். பதறாதீங்க என்பதற்கு ஒரு மார்க். நான் இருக்கேன் என்பதற்கு இன்னொன்று.

மூச்சுத் திணறும் கைக்குழந்தைகளுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று டாக்டர்களுக்கே ஓர் ஆன்லைன் பயிற்சி. அவர் போய்வரும் பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறக்கும் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை டாக்டராக வேண்டுமானால், அதில் தேறியாக வேண்டும்.

பரீட்சைதான் விசித்திரம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண், நோயாளியின் தாய் போலவே வீடியோவில் கூப்பிடுவாள். கையில் இருப்பது பொம்மை. குழந்தையைக் காட்டச் சொன்னால் திரையில் ஓடுவது எப்போதோ எடுத்த நிஜக் குழந்தையின் படம். டாக்டர் பேசி முடித்ததும் அவள் மார்க் போடுவாள்.

முதல் தடவை, பாடங்களின் சத்தத்தை அடைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்ததில், 'தாயிடம் பரிவு' என்ற பகுதியில் அவருக்குச் சுழியம் விழுந்தது. பழியை அவர் அந்தத் தாய் பேசிய இந்தி மேல் போட்டார். ஆனாலும் பாடங்களை மறுபடி ஒழுங்காகப் பார்த்துவிட்டார். தமிழ் பேசும் தாயைக் கொடுங்கள், அப்புறம் பாருங்கள் என்று பயிற்சியை நடத்தும் ராஜஸ்ரீயிடம் கேட்டு வைத்திருந்தார்.

இதோ, வந்துவிட்டாள். மராத்தியும் இந்தியுமாகவே நோயாளிகள் வந்து போகும் விமான் நகர் கிளினிக்குக்குத் தமிழ் அழுகை வேறு எங்கிருந்து வரும்?

"நீங்க தமிழ்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க டாக்டர். என் பேரு அகல்யா, ஏரவாடாவில இருக்கோம். பையனுக்கு மூணு மாசம். காலையிலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்கறான். மூச்சு வேற வேகமா வாங்குது."

"ஒண்ணுக்குப் போனானா?"

"அதுவும் சரியாப் போகல."

"சட்டையைத் தூக்கி, நெஞ்சு தெரியற மாதிரி காட்டுங்க."

படம் ஆடி நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதட்டில் நீலம் பாரித்திருந்தது. பாடத்தில் காட்டிய அதே குழந்தை, சட்டையை மட்டும் மாற்றிவிட்டிருக்கிறார்கள், சிக்கனக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் அவர் யாரையும் சட்டையைத் தூக்கச் சொன்னதில்லை. துணிக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை ஒற்றி எடுத்துவிடுவார். வெளியே கூட்டம் காத்திருக்கும்.

"போன வாரம் உங்ககிட்டதான் இவன் அப்பா தூக்கிட்டு வந்தார். நெபுலைசர் வச்சு, ரெண்டு சிரப் எழுதிக் குடுத்தீங்க. அப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு."

கோகுல்நாத் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நல்ல கண்ணி வைத்திருக்கிறார்கள். குறை சொன்னால் டாக்டர் எகிறுகிறாரா, இறங்கி வருகிறாரா என்று பார்க்கிறார்கள். போன தடவை எகிறித்தான் மாட்டிக்கொண்டார்.

"அந்த சிரப் தேவையே இல்லம்மா. நான் குடுத்திருக்கக் கூடாது. என் தப்புதான், மன்னிச்சுக்குங்க."

டாக்டராகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தாயிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்ட அழகில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. "இப்ப என்ன பண்ணணும் டாக்டர்? அவர் போசரி ஃபேக்டரியில ஷிப்டுல இருக்கார். நான் தனியா இருக்கேன்."

"ஒரு நிமிஷம்கூட வீட்டுல வச்சுக்காதீங்க. இது சிரப்புல தீராது, ஆக்சிஜன் வேணும். குழந்தையை நிமிர்த்திப் பிடிச்சுக்குங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க. ஆட்டோ பிடிச்சு, நான் சொல்ற ஆஸ்பத்திரிக்கு நேராப் போங்க." ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். "நான் இப்பவே போன் பண்ணி பெட், ஆக்சிஜன் எல்லாம் தயாரா வைக்கச் சொல்றேன். வாசல்லயே ஆள் நிக்கும்."

"கண்டிப்பா சொல்லி வைப்பீங்களா டாக்டர்?"

"என் குழந்தையா இருந்தா செய்ய மாட்டேனா?"

இந்த வசனம் பாடத்தில் இல்லை, சொந்தச் சரக்கு. இதற்குத் தனியாக மார்க் உண்டா என்று தெரியவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும் டாக்டர்," என்று அவள் தழுதழுத்தாள். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது, அழைப்பு முடிந்தது. கடைசிவரை வேஷத்தைக் கலைக்கவே இல்லையே என்று கோகுல்நாத் மெச்சிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் போன் செய்யவில்லை. பொம்மைக்கு யார் பெட் போடுவார்கள்? ஒரு டீ சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, தலைமை டாக்டர் அறையில் ஏசியை எந்தப் பக்கம் மாட்டச் சொல்லலாம் என்று யோசித்தார்.

டீயைக் குடித்து முடித்தும் மார்க் வரவில்லை. பொறுமை இழந்து ராஜஸ்ரீக்கே போன் போட்டார்.

"என்ன மேடம், பரிவுல பத்துக்குப் பத்து வந்திருக்கணுமே? அந்த அகல்யா பொண்ணு பிரமாதமா நடிச்சா. அவளையும் கொஞ்சம் கவனிங்க."

மறுமுனையில் ராஜஸ்ரீ பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அரே டாக்டர், உங்களுக்கு நாங்க இன்னும் போனே பண்ணலையே."