பொத்தான் துளை

"இன்னும் ஒரு சுத்து சுத்து!"

"அஞ்சு கஜத் துணியும் தீர்ந்துபோச்சுங்க. இதுக்கு மேல இறுக்கினா மூச்சு முட்டும்" என்றாள் மனைவி ஆய்நிசா, அவன் முதுகைச் சுற்றிக் கட்டியபடி.

"முட்டட்டும். வாசல்ல ஆள் வர்ற சத்தம் கேக்குது. முடிச்சுப் போடு!"

ஹோல்முராத் குப்புறப் படுத்து முனக ஆரம்பித்தான். கார்ஷி நகரச் சந்தையில், ஆட்டை இரண்டு கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற ஆட்டு வியாபாரி. முதுகெலும்பு நடுவில் ஜவ்வு பிதுங்கி, மூன்று மாதம் தெருவையே கூட்டி அலறினான். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனால், "முதுகைக் கிழிக்க வேண்டாம். பொத்தான் துளை அளவு போதும். மறுநாளே நடந்து போகலாம்" என்றார் டாக்டர்.

சும்மா விடுவானா?

"வெட்டு சின்னதுன்னா விலையும் சின்னதாத்தானே இருக்கணும்?"

"பெரிசா வேணும்னா சொல்லுங்க, இனாமாவே கிழிக்கிறேன்."

சந்தையில் யாரிடமும் தோற்காதவன், கேட்ட பணத்தை அப்படியே எண்ணி வைத்தான்.

துளை போட்டார்கள். வலி போயே போய்விட்டது. வந்தது மானப் பிரச்சினை. அத்தனை அலறலுக்கு இத்துனூண்டு பிளாஸ்திரியா? ஊர் சிரிக்காதா?

"கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் பொளந்துட்டாங்க" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தான். உச்சுக் கொட்டினார்கள். தினமும் ஆட்டுக்கறி சூப்பும் சூடான ரொட்டியும் வீடு தேடி வந்தன.

இன்று பக்கத்து வீட்டு தாஷ்தெமிர் அண்ணன் நாலு பேரோடு வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே, மலைக்கிராமத்திலிருந்து போரிபாய். சந்தையில் எதிரே ஆடு கட்டுகிறவன். இருபது வருஷமாகத் திட்டிக்கொள்ளும் சிநேகிதன். அவன் உட்காரவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்றான். இடது கால் தரையில் இழுபட்டது.

"உனக்குமாடா?"

"அதே ஜவ்வுதான். கால் மரத்துப்போச்சு. சின்னத் துளைதான், சீக்கிரம் வா, இல்லன்னா கால் விழுந்துடும்னு உன் டாக்டரேதான் சொன்னாரு. உங்கிட்டயும் அப்படித்தானே சொல்லி ஏமாத்திப் பொளந்திருப்பாரு? நான் போகலடா. கால் போனாலும் பரவாயில்ல."

உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இவன் கால் போகும். ஹோல்முராத் மனசுக்குள் பேரம் பேசிப் பார்த்தான். படியவில்லை.

"கழுதை! இங்க பாருடா!"

சட்டென்று எழுந்து உட்கார்ந்து துணியை உருவினான். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது, பாழாய்ப்போன அஞ்சு கஜம். கடைசியில் முதுகில் ஒரே ஒரு குட்டிப் பிளாஸ்திரி.

"இவ்வளவுதான். மறுநாளே நடந்தேன். பொய் சொன்னது டாக்டர் இல்ல, நான்தான். நாளைக்கே போய்ப் படு!"

போரிபாய் அதைத் தொட்டுப் பார்த்தான்.

"அடப்பாவி! இதுக்குப் பயந்தா என் பொண்டாட்டி ரெண்டு நாளா அழுறா?"

இனி மற்றவர்கள் சிரிக்கவேண்டியதுதான் பாக்கி. ஹோல்முராத் தலையைக் குனிந்து காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. தாஷ்தெமிர் அண்ணன், சாறு நன்றாக இறங்கட்டும் என்று, டீயைக் கிண்ணத்தில் ஊற்றுவதும் திரும்பக் கூஜாவில் கொட்டுவதுமாக இருந்தார்.

"என்னண்ணே, அதிர்ச்சியே இல்லையா?"

"முதல் நாளே உன் பொண்டாட்டி வந்து சொல்லிட்டாளே."

"தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் வந்து கண்ணைக் கசக்கினீங்க?"

"நடக்கலாம், ஆனா ஒரு மாசம் ஆட்டைத் தூக்காம வீட்டுல கிடந்தாத்தான் முதுகு நிக்கும்னு டாக்டர் அவகிட்ட சொன்னாராம். நாங்க சிரிச்சிருந்தா, ரோஷத்துல மறுநாளே சந்தைக்கு ஓடியிருப்பியே தம்பி!"