கேமராவுக்குப் பிடித்த சட்டை

புருஷன் செத்து எட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் பவுடர் கேட்கிறாளே!

மேக்கப் அக்கா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பவுடர் டப்பாவை மேஜைமேல் வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக டிவி நிலையத்தில் முகங்களோடு மல்லுக்கட்டுகிறவள். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவாள். அந்தக் கணக்கு தப்பியதே இல்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், தொழிற்சாலைத் தீ விபத்தில் இறந்துபோன தொழிலாளியின் மனைவி. மடிப்புக் கலையாத சேலை. படிய வாரிய தலை. கால்மணி நேரத்தில் நேரலையில் பேச வேண்டும்.

“கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்குக்கா. கொஞ்சம் மறைச்சு விடுங்க.”

“எதுக்கும்மா மறைக்கணும்? அப்படியே போனாத்தான் நாலு பேரு நம்புவாங்க. ஒரு பழைய சேலையாக் கட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?”

“எட்டு நாளா அழுது பார்த்துட்டேன்கா. ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. ஒருத்தரும் பதில் சொல்லல. அவசர வழிக் கதவை ஏன் பூட்டி வச்சீங்கன்னு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். அழறதுக்கு வரல.”

நன்றாக மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. வேண்டாவெறுப்பாகப் பஞ்சை எடுத்து ஒற்றினாள்.

மனுஷன் என்றால் அந்தத் தொழிற்சாலை மேனேஜர் மாதிரி இருக்க வேண்டும்! ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். “பவுடரெல்லாம் வேணாம்மா. இன்னைக்கு எனக்கு அழகு ஒரு கேடா?” என்றார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தொழிலாளிகள் போடும் நீலச் சட்டையில் வந்திருந்தார்.

சட்டைதான் கொஞ்சம் உதைத்தது. புத்தம் புதுசு. பெட்டியில் இருந்த மடிப்பு அப்படியே தெரிந்தது.

“சார், இதைக் கேமரா காட்டிக் கொடுத்துடும். யாராவது போட்டு உழைச்ச சட்டையா ஒண்ணு கிடைக்குமா?” என்று யோசனை சொன்னதே அக்காதான்.

கூட வந்திருந்த விளம்பர ஆலோசகருக்கு முகமெல்லாம் பல். உடனே காரைத் தொழிற்சாலைக்கு விரட்டினார். அரை மணியில் சட்டை வந்தது. வெளுத்த காலர், முழங்கையில் எண்ணெய்க் கறை. பிய்ந்திருந்த பையை யாரோ பச்சை நூலால் கையிலேயே தைத்திருந்தார்கள்.

“இந்தப் பச்சை நூலை மட்டும் வெட்டிடலாமா?” என்றார் ஆலோசகர்.

“ஐயோ, தொட்டுடாதீங்க சார்! அதுலதான் உயிரே இருக்கு!”

அப்புறம் அக்காவே அவர் தலையைக் கொஞ்சம் கலைத்துவிட்டாள். தங்கக் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். இவ்வளவையும் செய்துவிட்டு, எவ்வளவு எளிமையான மனுஷன் என்று உருகியதும் அவளேதான். தான் ஒட்டிவிட்ட மீசையைப் பார்த்துத் தானே பயப்படுகிற ரகம்.

இப்போது சுவரில் இருந்த டிவியில் மேனேஜர் தெரிந்தார்.

“அவன் எனக்குத் தம்பி மாதிரிங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கதவு திறந்துதான் இருந்தது. பதட்டத்துல அவனுக்குத் தெரியல. நானும் அவங்கள்ல ஒருத்தன்தான். இந்தச் சட்டையைப் போட்டுக்கிறதுதான் எனக்குப் பெருமை.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடக்கி வைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது.

“பார்த்தியாம்மா? எப்பேர்ப்பட்ட மனுஷன்! அவரை எதிர்த்துப் பேசவா இப்படிச் சிங்காரிச்சுக்கிட்டு வந்திருக்கே?”

அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். கேமரா நெருங்கியதில் சட்டைப் பை திரை முழுக்கத் தெரிந்தது. அவள் விரல் அந்தப் பச்சைத் தையல்மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

“நீல நூல் தீர்ந்து போச்சுன்னு பச்சையில தச்சேன்கா. பைக்குள்ள பயிரு வளர்க்கப் போறியான்னு கிண்டல் பண்ணினாரு.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

“மாத்துச் சட்டை ஒண்ணு லாக்கர்ல வச்சிருந்தாரு. அதையாவது குடுங்கன்னு எட்டு நாளா வாசல்ல நின்னேன். லாக்கர் காலியா இருந்துச்சுன்னு எழுதி, என்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.”

அக்காவுக்குத் தன் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்தச் சட்டைக்கு அவள்தான் பொத்தான் போட்டுவிட்டாள். காலரை நீவிவிட்டதும் அவள்தான்.

கதவு திறந்தது. ஆலோசகர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“அக்கா, கலக்கிட்டீங்க! ஃபோனுக்கு மேல ஃபோன். அந்தப் பச்சைத் தையலைப் பார்த்துத்தான் அவர் சொல்றதை நம்பினோம்னு சொல்றாங்க!”