எட்டு வருஷத்து ரிப்பேர்

"அறுபத்தேழாம் வருஷத்து கார் மேடம்! எட்டு வருஷமா நானே உக்காந்து சரி பண்ணிட்டிருந்தேன். எவனோ திருடிட்டான்!"

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், தன் வீட்டின் காலி கராஜில் நின்று கத்தினார் டுவேன். ஏரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"ஓடுற நிலையில இருந்ததா?" என்று கேட்டாள் போலீஸ்காரி.

"பிரேக்கே கிடையாது. கார்புரேட்டர் கழட்டினபடியே கிடந்துச்சு."

"வீட்டுல வேற யாரு?"

"என் பொண்டாட்டி லொரெட்டா. அவளுக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாது."

போலீஸ்காரி தன் வண்டியிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். "கார் லொரெட்டா பேர்லதான் இருக்கு சார். போன வாரம் நம்பர் பிளேட்டும் வாங்கியிருக்காங்க."

டுவேன் பதறிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். மறுமுனையில் இன்ஜின் சீராக உறுமியது.

"நீ மீன் பிடிக்கப் போன ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த காருக்கு அடியிலதான் கிடந்தேன், டுவேன். இப்போ பக்கத்து மாநிலம் இந்தியானாவையே தாண்டிட்டேன்."

"ஐயோ, கார் எப்போ திரும்பி வரும்?"

"'நீ எப்போ வருவே'ன்னு கேப்பியோன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள் லொரெட்டா.