மெத்தைக் கடை விளம்பரம்

வானொலி நேயர் விருப்பத்துக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார் ஒரு பெரியவர். "எங்க அக்காவுக்காக ஒரு பாட்டு போடுங்கம்மா. பதினோரு வருஷமாப் பேச்சு இல்ல. ஆனா உங்க நிகழ்ச்சிய அவ தினமும் கேப்பா. அக்கா, அன்னைக்கு நான்..." தொண்டையைச் செருமிக்கொள்கிறார். சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாகப் பதினொன்று. விளம்பரம் யாருக்காகவும் காத்திருக்காது. அறிவிப்பாளரின் விரல், பழக்க தோஷத்தில், அவர் குரலை இறக்கிவிட்டு மெத்தைக் கடையை ஏற்றுகிறது. இனி அவர் பேசுவது அவளுடைய ஹெட்போனில் மட்டும்தான் கேட்கும். அவள் அதையும் கழற்றி வைத்துவிட்டு, தேநீரில் படிந்த ஆடையை ஊதி ஒதுக்கிக் குடிக்கிறாள். சுவர் ஒலிபெருக்கியில் யாரோ சிரித்துச் சிரித்து நிம்மதியாகத் தூங்கச் சொல்கிறார்கள். சன்னல் வெயில் மேசைத் தூசியில் கிடக்கிறது. தொலைபேசியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. விளம்பரம் முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க ஐயா" என்கிறாள். விளக்கு அணைந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் பாட்டை ஓடவிடுகிறாள். பல்லவி முடிவதற்குள் விளக்கு மறுபடி எரிகிறது. அவராகத்தான் இருக்கும் என்று பாய்ந்து எடுக்கிறாள். மூச்சு வாங்கும் ஒரு வயதான பெண்குரல்.

"இப்பப் பேசினது என் தம்பிம்மா. நடுவுல விளம்பரம் வந்துடுச்சு. உனக்குக் கேட்டிருக்கும்ல? மீதி என்னம்மா சொன்னான்?"