விரிப்பில் விழுந்த கரி

ஈர விரிப்பைக் கொடியில் உதறிப்போட்ட சுசானாவின் கை அப்படியே நிற்கிறது. வெள்ளை வெளேரென்ற துணியின் நடுவில் மிளகளவு கரிப்பொட்டு. எஃகு ஆலை ஓடிய நாளில், பென்சில்வேனியாவின் இந்த ஆற்றங்கரை ஊரில், காற்றுத் திசை பார்க்காமல் எவளும் துணி காயப்போட மாட்டாள். ஆலை மூடிய மூன்று வருஷத்தில் அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டு பிரிஜிட் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள். "என்னடி, சரியா அலசலையா?" "வாயை மூடிட்டு மேல பாருடி!" ஆலையின் உயரமான புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஓர் இழை, காலை வெயிலில் நெளிந்தபடி எழுகிறது. இன்னொரு பொட்டு விழுகிறது. "எடுடி துணிய, பாழாப் போகுது!" என்று கத்துகிற பிரிஜிட்டின் கண் கலங்கியிருக்கிறது. சுசானா எடுக்கவில்லை. ஆலை மூடியதிலிருந்து வேலையில்லாமல் சமையலறையில் குனிந்தே உட்கார்ந்திருக்கும் கணவன் நிமிர்ந்தால் கண்ணில் படும்படி, கரி விழுந்த பக்கத்தை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி மாட்டுகிறாள்.