சனிக்கிழமை விருந்தாளி

“மலாயாவுலேருந்து வந்து படிக்கிற பொண்ணாம். ரெண்டு மாசமா சரியா சாப்பிடறதில்லையாம். ரூமைச் சாத்திகினு அழுதுகினே கீதாம். சனிக்கிழமையில நம்ம வூட்டுக்கு அனுப்பட்டுமான்னு டாக்டரம்மா கேக்கறாங்க. இன்னா சொல்ற?”

அருணகிரி தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவி கிருஷ்ணம்மாள் அசையவில்லை.

“எந்த டாக்டரம்மா?”

“நம்மகிட்ட பட்டுப் புடவை எடுக்க வருவாங்களே, விருத்தாம்பாள். வேலூர் காலேஜுல வெளிநாட்டுப் பசங்களுக்கு மனசு சரியில்லைன்னா பேசித் தேத்தறவங்க.”

“அவங்க பேசியே தேறலைன்னா நான் இன்னா பண்ணப் போறேன்?”

“வூட்டுச் சோறும், தாய் மாதிரி ஒருத்தரும் இருந்தா சரியாயிடுமாம்.”

கிருஷ்ணம்மாளுக்கு மகன் தருமனின் நினைவு வந்தது. ஒரே பிள்ளை. மாஸ்கோவுக்குப் படிக்கப் போய் எட்டு மாதம் ஆகிறது. சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்?

“வரச் சொல்லுங்க” என்றாள்.

சனிக்கிழமை காலை வேலூர் பஸ்ஸில் ஆரணிக்கு வந்து இறங்கினாள் சாவித்திரி. ஒல்லியான பெண். உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: “பசியாறிட்டீங்களாம்மா?”

கிருஷ்ணம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் கேக்க வேண்டியதை நீ கேக்கறியேம்மா!”

“எங்க ஊர்ல அப்படித்தான் கேப்போம். நீங்க சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்.”

நல்ல பிடிவாதக்காரியை அனுப்பி வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டே கிருஷ்ணம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். முருங்கைக்கீரைப் பொரியலும் மிளகு ரசமும் செய்தாள். அந்தப் பெண் சாப்பிட வேண்டுமே என்பதற்காகத் தானும் எதிரில் உட்கார்ந்து இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அருணகிரி மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை, சாவித்திரி தருமனின் கடிதங்களைக் காட்டச் சொன்னாள். டிரங்குப் பெட்டியைத் திறந்த கிருஷ்ணம்மாள் சாயங்காலம் வரைக்கும் பேசினாள். அவன் பல் முளைத்தது, போளூர் சந்தையில் தொலைந்துபோனது, ரயிலேறும்போது அழாமல் நின்றது, எல்லாவற்றையும் சொன்னாள். பெண்ணை பஸ் ஏற்றிவிட்டு வந்த கணவரிடம், “பாவங்க, பேச்சுக்கு ஏங்கிப் போய் கீது. வாயைத் திறக்காம கேட்டுகினே இருந்துச்சு” என்றாள்.

மூன்றாவது வாரம், “தனியாப் போக பயமா இருக்கும்மா, கடைத்தெருவுக்குக் கூட வாங்க” என்றாள் சாவித்திரி. இவ்வளவு பயந்த பெண் எப்படித்தான் கப்பலேறி வந்ததோ என்று எண்ணியபடி கிருஷ்ணம்மாள் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். எதிர்வீட்டுச் செல்லியம்மாள் கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள்.

அன்று திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீடு வந்த சாவித்திரி, திடீரென்று கிருஷ்ணம்மாளின் மடியில் விழுந்து தேம்பினாள்.

“எங்க எஸ்டேட்ல தினமும் மழைம்மா. மழை பேஞ்சா ரப்பர் பால் எடுக்க முடியாது, அம்மா வீட்லயே இருப்பாங்க. இங்க வந்து இன்னிக்குத்தான் மழையப் பாக்கறேன்.”

கிருஷ்ணம்மாள் அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்படியே நான்கு மாதம் ஓடியது. சாவித்திரியின் கன்னத்தில் சதை பிடித்தது. பரீட்சையில் நல்ல மார்க். கிருஷ்ணம்மாள் வெள்ளிக்கிழமையே மாவு அரைத்து வைத்துவிடுவாள்.

ஒரு நாள் அருணகிரி வந்து சொன்னார்: “டாக்டரம்மாவப் பார்த்தேன். பொண்ணு தேறிடுச்சாம். இனிமே வாரா வாரம் பஸ்ல அலைய வேண்டாம்னு யோசிக்கிறாங்களாம்.”

கிருஷ்ணம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு, கணவரிடம்கூடச் சொல்லாமல், தனியாக வேலூருக்கு பஸ் ஏறினாள். கண்ணமங்கலம் தாண்டும்வரை என்ன பேசுவது என்று தெரியவில்லை. தாண்டியதும் ஒரு பொய் கிடைத்தது.

டாக்டர் விருத்தாம்பாள் நாற்காலியைக் காட்டினார். கிருஷ்ணம்மாள் நுனியில் உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க. அந்தப் பொண்ணு வெளியதான் சிரிச்சிகினு கீது. உள்ளுக்குள்ள இன்னும் சரியாவல. நான் கூட இருந்து பாக்கறேனில்ல, எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷமாவது வந்துகினு இருக்கட்டும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

“நேத்து சாயங்காலம் சாவித்திரியும் வந்து இதே நாற்காலியிலதான் உக்காந்துச்சு, கிருஷ்ணம்மா. ‘ஆரணி அம்மா வெளியிலதான் சிரிக்கிறாங்க டாக்டர், உள்ளுக்குள்ள இன்னும் சரியாகலை, மகன் போனதிலேருந்து சாப்பிடாம படுத்தே கிடக்கறாங்க, போய்த் தேத்திட்டு வான்னு சொல்லித்தானே என்னை அனுப்பினீங்க, பாதியில நிறுத்திடாதீங்க’ன்னு கெஞ்சிட்டுப் போச்சு!”