நாற்பத்து மூன்றாவது வால்

குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீர் தேடி வடக்கே போகும் திமிங்கலங்களைக் கடல்முனையில் உட்கார்ந்து எண்ணும் குழுவில் மெர்வுக்குப் பதினேழு வருட நாற்காலி. அவர் எண்ணியதெல்லாம் உண்மையென்றால் கடலில் தண்ணீருக்கு இடம் இருக்காது என்று ஊரில் பேச்சு. இன்னொரு தப்புக் கணக்கு வந்தால் நாற்காலி போய்விடும் என்று சொன்ன குழுத்தலைவி நோலீன், அன்று காலை தானே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்குள் நாற்பத்திரண்டு. அடுத்த வால் எழுந்ததும் மெர்வ் தேநீரைக் கீழே வைத்தார். முழு வெள்ளை வால். இடது நுனியில் பிறை போல ஒரு வெட்டு.

"இது கரை ஒதுங்கிச் செத்துச்சே, அதான். ஆறு வருஷம் முன்னாடி மணல்மேட்டுல எந்திரம் ஓட்டிக் குழி தோண்டிப் புதைச்சது நான்தான்."

"ஆரம்பிச்சிட்டியா! செத்தது நீந்துதாக்கும். நாற்காலிய மடிச்சு வை, மெர்வ்."

"சரி தாயே, எழுத வேணாம்."

திமிங்கலம் பாறையை ஒட்டி வந்து மூச்சு விட்டது. பீச்சியது கலங்கரை விளக்க உயரத்துக்கு எழுந்து, காற்றில் சாய்ந்து, இருவர்மீதும் இறங்கியது. நோலீன் கண்ணை மூடிக்கொண்டார். நனையவில்லை. திறந்தபோது மடியிலும் தேநீரிலும் கணக்குத் தாளிலும் வெள்ளை மணல். மேட்டு மணல், நன்றாகக் காய்ந்தது, உள்ளே புல்வேர் கூட இருந்தது.

நோலீன் கணக்குத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"வடக்கே."

தாளின் மணலை விரலால் ஒதுக்கி, நாற்பத்து மூன்று என்று எழுதினார்.